கடின நூலும் கூடி வாசித்தலும்: ஆசிரியப் பயிற்சியை முன்னிட்டுச் சில கருத்துகள்

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவருக்கு இருவகை நூல்கள் தரப்படுகின்றன. ஒருவகை, வகுப்பில் நின்று செய்ய வேண்டியவற்றைச் சொல்வது. பாடக்குறிப்பு எழுதுதல், கரும்பலகையைப் பயன்படுத்துதல், வினாத்தாள் அமைத்தல் முதலியன இதில் அடங்கும். இவற்றை எவரும் தாமே படித்து அறிந்துகொள்ளலாம். மற்றொரு வகை, குழந்தை எவ்வாறு அறிகிறது, கல்வி எதன்பொருட்டு, பள்ளி யாருக்காக என்னும் வினாக்களை எழுப்புவது. ஜான் டூயி, பியாஜே, வைகாட்ஸ்கி, பாவ்லோ ஃப்ரெய்ரே ஆகியோரின் எழுத்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இந்த இரண்டாம் வகை நூல்களை நம் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலோர் படிப்பதில்லை. அவற்றைப் பற்றிய ‘கைடு’களையே படிக்கின்றனர். மூலநூலில் இருபது பக்கம் வளரும் ஒரு வாதம், ‘கைடில்’ இரண்டு மதிப்பெண்ணுக்குரிய ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

இதற்கு மாணவரைக் குறைகூறுதல் எளிது; ஆயினும் முறையன்று. தனியே அமர்ந்து படிப்பவருக்கு அப்பக்கங்கள் மூடிய கதவாகவே நிற்கின்றன. கதவு மூடியிருக்கும்போது பலகணி வழியே எட்டிப் பார்ப்பவரைக் கடிந்து பயனில்லை. ஆனால் இதன் விளைவு சிறியதன்று. ஒரு கடினமான பக்கத்தோடு போராடி அதன் பொருளைக் கண்டறிந்த அனுபவம் இல்லாத ஆசிரியர், தம் வகுப்பில் ஒரு பிள்ளை புரியாமல் விழிக்கும்போது என்ன செய்வார்? தமக்குச் செய்யப்பட்டதையே செய்வார். வினாவையும் விடையையும் பலகையில் எழுதி, மனனம் செய்யச் சொல்வார். பயிற்சி நிறுவனத்தில் தொடங்கிய ‘கைடு’, ஐந்தாம் வகுப்புவரை இறங்கிவிடும்.

கடினமான நூற்பகுதியைப் பயிற்சி மாணவர் குழுவாக அமர்ந்து வாசித்து, ஒருவருக்கொருவர் தம் தமிழில் எடுத்துரைத்து, மாறுபட்டும் உடன்பட்டும் அறிந்துகொள்ள இயலும் என்பது நம் கருத்து. அது தானாக நிகழாது என்பதும் நம் கருத்தே. இவ்விரண்டையும் சங்கரன்கோவில் வட்டாரத்து மாணவரை முன்னிட்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

சங்கரன்கோவிலை வாசகர் பலர் ஆடித்தபசு விழாவினால் அறிவர். சிவன் பெரியரோ திருமால் பெரியரோ என்று சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர் வழக்காடியதையும், இருவரும் ஓருருவாய்க் காட்சி தரக் கோமதி அம்மை தவமிருந்ததையும் இவ்வூர்த் தலபுராணம் கூறுகிறது. விவாதம் இவ்வூருக்குப் புதிதன்று என்று நாம் மாணவரிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. கரிவலம்வந்தநல்லூர், குருவிகுளம், திருவேங்கடம், பனவடலிசத்திரம் ஆகிய ஊர்ப்புறங்களிலிருந்து பேருந்தேறி வரும் பயிற்சி மாணவருள் பெண்களே மிகுதி. தமிழ்வழியில் பயின்றோர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தோர் பலர். பெற்றோர் தறி நெய்வோராகவும், கரிசல் நிலத்தில் கூலிவேலை செய்வோராகவும், பூக்கட்டுவோராகவும், தீப்பெட்டித் தொழிலாளராகவும் இருக்கின்றனர். இத்தகையோர் சிலருடன் சனிக்கிழமைகளில் அமர்ந்து நாம் வாசித்து வருகிறோம். இங்குக் கூறுவனவற்றுள் பல அவர்களிடமிருந்து கற்றவை.

கடினம் எங்கே இருக்கிறது?

‘நூல் கடினமாக இருக்கிறது’ என்று மாணவர் கூறும்போது, அக்கடினம் எதனுடையது என்று முதலில் கேட்டல் வேண்டும். சில வேளை அது சொல்லின் கடினம். இலங்கைத் தமிழ்க் கல்வியியல் நூல்கள் ‘அறிகை விருத்தி’ என்று எழுதுவதை நம் நூல்கள் ‘அறிதிறன் வளர்ச்சி’ என்கின்றன. இரண்டும் ஒன்றே என்று எவரேனும் சொல்லும்வரை மாணவர் இரண்டு கொள்கைகளை மனனம் செய்துகொண்டிருப்பார். சில வேளை அது மொழிபெயர்ப்பின் கடினம். தமிழ் எழுத்தில் ஆங்கில வாக்கியம் நடப்பதுண்டு. எழுவாயைத் தேடிக் களைத்துப்போகிறோம். இவ்விரண்டும் அகராதியாலும் பொறுமையாலும் தீர்பவை.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுவே பெரிது. சிந்தனையாளர் எவரும் வெறுவெளியில் பேசுவதில்லை. யாரோ ஒருவருக்கு மறுமொழி கூறுகின்றனர். அந்த எதிராளி பக்கத்தில் காணப்படாதபோது, மறுமொழி மட்டும் நம் காதில் விழுகிறது. தொலைபேசியில் ஒருவர் பேசுவதை அடுத்த அறையிலிருந்து கேட்பதுபோன்ற நிலை அது. தனியே வாசிப்பவரால் இக்குறையை எளிதில் தீர்க்க முடியாது. குழுவிலோ, எதிராளியின் இடத்தில் ஒருவரை அமர்த்திவிடலாம்.

வைகாட்ஸ்கியின் ‘சிந்தனையும் மொழியும்’ என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். அவர் மறைந்த 1934-ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. சிறு குழந்தை விளையாடும்போதும் எதையேனும் செய்யும்போதும் தனக்குத்தானே உரக்கப் பேசிக்கொள்வதை நாம் அறிவோம். 1923-இல் பியாஜே இதனைத் தன்மையப் பேச்சு என்று விளக்கினார். பிறருடைய நோக்கைக் கருத்தில் கொள்ள இயலாத பருவத்தின் அடையாளம் அது. வளர வளர அது மறைந்து, பிறரோடு உரையாடும் பேச்சு அதன் இடத்தைப் பெறும் என்பது அவர் கொண்ட முடிவு. வைகாட்ஸ்கி இதனை மறுக்கிறார். அப்பேச்சு மறைவதில்லை, உள்ளே செல்கிறது. பிறரோடு பேசியதிலிருந்து பிறந்து, தன்னை நடத்திக்கொள்ளும் கருவியாகி, இறுதியில் ஒலியற்ற அகப்பேச்சாகிறது என்கிறார். செயல் கடினமாகும்போது குழந்தையின் அப்பேச்சு மிகுவதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார்.

‘கைடில்’ இவ்விருவரும் வேறுவேறு பக்கங்களில், வேறுவேறு வினாவுக்கு விடையாக இருக்கின்றனர். இருவரும் ஒரே குழந்தையைப் பார்த்துச் சண்டையிடுகின்றனர் என்பதே மாணவருக்குத் தெரிவதில்லை. நாம் குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பியாஜேயின் கூற்றையும் மறுபாதிக்கு வைகாட்ஸ்கியின் கூற்றையும் கொடுத்து, ஒரு வாரம் வீட்டிலுள்ள சிறுபிள்ளைகளைக் கவனித்து வரும்படி சொன்னோம். பல்லாங்குழி ஆடும் தங்கை ஒவ்வொரு குழியிலும் முத்தைப் போடும்போது எண்ணை உரக்கச் சொல்வதையும், முத்து தீரும் தறுவாயில், எடுப்பதா விடுப்பதா என்று தயங்கும்போது, அவள் குரல் உயர்வதையும் ஒரு மாணவி குறித்து வந்தார். மற்றொருவருடைய தம்பியோ, யாரும் பார்க்காதபோது பேசுவதை நிறுத்திவிட்டான். ஆகவே அது பிறருக்கான பேச்சே என்று அவர் வாதிட்டார். இந்த இரண்டாம் செய்தி குழுவைச் சற்றுக் குழப்பியது. பின்னர் நூலைத் திருப்பிப் பார்த்தபோது, இதே செய்தியை வைகாட்ஸ்கியே தம் பக்கத்துக்குச் சான்றாகக் கொண்டிருப்பதைக் கண்டனர்: கேட்பவர் இல்லாத இடத்தில் அப்பேச்சு குறைகிறதெனில், அது தொடக்கத்தில் சமூகத்திலிருந்து வந்தது என்பது அவர் வாதம். அன்று அவ்வறையில் எழுந்த ஆரவாரத்தை இங்கு எழுதிக் காட்ட இயலாது. வேறொருவர் சொல்லியிருந்தால் ஒரு வரிக் குறிப்பாகப் போயிருக்கக்கூடிய ஒன்றை, தம் தம்பியை முன்வைத்து அவர்களே கண்டடைந்தனர்.

வங்கியைப் பற்றி ஒரு வழக்கு

இதினும் பயனுள்ளதாக நாம் கருதுவது ஃப்ரெய்ரேயின் நூலை வாசித்த நாள். ஒடுக்கப்பட்டோருக்கான கல்வியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1970-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பிரேசில் நாட்டவராகிய அவர், 1963-இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் எழுத்தறியாத தொழிலாளர்க்குக் கற்பித்தவர். அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சிறையிருந்து, நாடு கடந்தார். 1970 முதல் பத்தாண்டுகள் ஜெனீவாவில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் கல்விப் பணியில் இருந்தமையால், இவ்விதழின் வாசகருள் மூத்தோர் அவர் பெயரை முன்னரே அறிந்திருப்பர். நூலின் இரண்டாம் அதிகாரத்தில், வழக்கத்திலுள்ள கல்வியை ‘வங்கி முறை’ என்று அவர் சாடுகிறார். ஆசிரியர் செலுத்துகிறார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார்.

நம் குழுவினர் அனைவரும் இதன் இலக்கணத்தை மனனமாக அறிந்திருந்தனர். வங்கி முறை நல்லதா தீயதா என்று கேட்டோம். தீயது என்று எல்லாரும் சொல்வர் என எதிர்பார்த்தோம். ஒரு மாணவி எழுந்து, நல்லது என்றார். “எங்க அம்மா வாரா வாரம் குழுவுல கட்டுன பணந்தான் ஐயா எனக்குக் காலேஜ் ஃபீஸ். சேமிக்கிறதைப் போயி இவரு எதுக்குக் குறை சொல்றாரு?” என்று கேட்டார். அவர் தாயார் மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். மற்றவர் சிரிக்கத் தொடங்கிப் பின் நிறுத்திக்கொண்டனர். ஏனெனில் எவருக்கும் மறுமொழி தெரியவில்லை.

அந்த இடத்தில் குறுக்கிட்டு விளக்கிவிடும் ஆசை எந்த ஆசிரியருக்கும் எழும். பிரசங்க பீடத்தில் பழகியவர்க்கு அது இரட்டிப்பாக எழும்! மீண்டும் அந்தப் பத்தியை வாசியுங்கள் என்று மட்டும் சொன்னோம். மூன்றாம் முறை வாசித்தபின், அதுவரை பேசாதிருந்த ஒருவர், அந்த வாக்கியத்தில் மாணவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டார். பணம் கட்டுபவர் ஆசிரியர். அப்படியானால் கணக்கு ஆசிரியர் பெயரில் இருக்கிறது. மாணவர் கணக்குடையவர் அல்லர். பணம் வைக்கும் பெட்டகம். “உங்க அம்மா கணக்கு வச்சிருக்காங்க, பெட்டிக்கு யாராவது வட்டி குடுப்பாங்களா?” என்று அவர் தம் தோழியிடம் கேட்டார்.

முதல் மாணவி அத்துடன் விட்டுவிடவில்லை. வங்கியில் போட்ட பணம் போட்டவருக்குச் சொந்தம், எடுத்தால் வங்கியில் குறையும். அறிவைக் கொடுத்த ஆசிரியரிடம் அறிவு குறைவதில்லையே, ஆகையால் இவ்வுவமை முழுதும் பொருந்தாது என்றார். நாம் படித்த விளக்கவுரைகளில் இவ்வினாவைக் கண்டதில்லை. ஒரு பெரும் நூலின் உவமையை அதன் எல்லை வரை நடத்திச் சென்று, அது நொண்டும் இடத்தைக் காட்டியவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு நெசவாளியின் மகள். இவருக்கு மூலநூல் எட்டாது என்று முடிவு செய்து ‘கைடைக்’ கையில் கொடுத்தோர் யார் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் மரபில் இதற்குள்ள இடம்

கூடிக் கற்றல் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோர் நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பார்ப்பார்களாக. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் அங்கு மாணவன் கற்கும் அளவைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் உரைப்பதை நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கே. உடன் கற்போரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிறைகிறது. ஆசிரியப் பயிற்சிக்கு இதனினும் பொருந்திய கணக்கு வேறில்லை. நம் பயிற்சி நிறுவனங்களின் கால அட்டவணையோ முதற் காற்பங்குக்கே ஏறத்தாழ எல்லா மணி நேரத்தையும் கொடுத்துவிடுகிறது.

கூடி வாசித்ததனால் தமிழுக்கு மீண்டும் கிடைத்த நூல் ஒன்று உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற நூல்களையெல்லாம் ஐயர் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் அந்நூலைப் படித்ததில்லை. பின்னர் இருவரும் சேர்ந்து வாசித்தனர். சமணக் காப்பியமாதலால் அதன் சமயச் செய்திகள் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரையும் ஓரளவே துணைசெய்தது. ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். அந்நூலை மரபாக வாசித்து வந்த அவர்களுக்கு, புலவருக்கு எட்டாதவை வீட்டுச் செய்திகளாயிருந்தன. 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. கற்றவர் கல்லூரியில் இருக்க, பொருள் தெருவில் இருந்தது. கேட்கத் தயங்கியிருந்தால் பதிப்பு இராது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் நம் மரபிலேயே உண்டு. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குக் கற்பித்தான். மணலில் எழுதிப் பழகினர். 1789 முதல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இவ்வழக்கங்களைக் கண்டு தம் பள்ளியில் கையாண்டு, 1797-இல் இலண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மாணவரே மாணவர்க்குக் கற்பித்தனர் என்பது மெய்தான். எனினும் அங்கு நடந்தது மனனப் பாடத்தைக் கைமாற்றுதல். ஒரு சட்டாம்பிள்ளை பத்துப் பேருக்குச் சொல்ல, செலவு குறைந்தது. வினா எழவில்லை. மாணவர் வட்டமாக உட்கார்ந்திருப்பதனாலேயே அது கலந்துரையாடல் ஆகிவிடாது.

வட்டம் குலையும் இடங்கள்

2014-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் புதிய விதிமுறைகளை வகுத்து, பி.எட். படிப்பை ஈராண்டாக்கியபோது, ‘நூல்களை வாசித்தலும் அவற்றின்மீது சிந்தித்தலும்’ என்று பொருள்படும் ஒரு பகுதியைத் தனியே பாடத்தில் சேர்த்தது. கட்டுரை, வரலாறு, ஆவணம், தன்வரலாறு எனப் பலவகை எழுத்துகளைத் தனித்தும் குழுவாகவும் வாசித்துப் பழக வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்தே. நடைமுறையில் அது பல இடங்களில் ஒரு பதிவேடாக முடிந்துவிட்டது. வண்ணத் தாள் ஒட்டிய அட்டை. உள்ளே முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதிய ‘சிந்தனைகள்’. சிந்தித்தலை எடுத்தெழுத முடியும் என்பதை நாம் அங்கேதான் கண்டோம்.

குழுவாக அமர்ந்த பின்னரும் அது குலைவதுண்டு. நன்றாகப் பேசும் ஒருவர் பேச, ஏனையோர் தலையசைப்பர். அப்போது பழைய விரிவுரையே ஆள்மாறி நடக்கிறது. அல்லது நூல் மூடப்பட்டு, ‘இக்காலக் கல்வி’ என்ற பொருளில் பட்டிமன்றம் தொடங்கிவிடும். நம் மக்களுக்குப் பட்டிமன்றத்தில் உள்ள ஈடுபாடு அளவிறந்தது. ஆனால் நடுவர் தீர்ப்பளித்தபின் மூலநூலின் ஒரு வரிகூடத் தெளிந்திராது. மற்றொன்று, எல்லாரும் உடன்பட்டுத் தவறான பொருளில் அமைதி கொள்ளுதல். வைகாட்ஸ்கி கூறும் ‘அண்மை வளர்ச்சி எல்லை’ என்பது ஆசிரியர் செய்யும் உதவி என்று ஒரு குழு முழுவதும் ஒத்துக்கொண்டது. அது உதவியின் பெயரன்று; குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும், பெரியவர் அல்லது தேர்ந்த தோழர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள தொலைவின் பெயர். தனியே சரம் கட்டத் தெரியாத சிறுமி, பாட்டியின் அருகில் அமர்ந்தால் கட்டிவிடுகிறாள். பாட்டியே கட்டிக் கொடுத்துவிட்டால் அத்தொலைவு அப்படியே இருக்கும். பூச்சந்தை உள்ள ஊரில் இதனை விளக்குவது கடினமாயிருக்கவில்லை. ஆயினும், குழு ஒருமனப்பட்டுவிட்டது என்பதற்காக ஆசிரியர் வாளாவிருத்தல் கூடாது. ஃப்ரெய்ரேயைக் காட்டி, ஆசிரியர் தேவையில்லை என்பாரும் உளர். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆசிரியர் தம் பொறுப்பைக் கைவிடலாகாது என்றே பிற்காலத்தில் வற்புறுத்தினார்.

1984-இல் பாலின்சார், பிரவுன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வாசித்துப் பொருளுணர இயலாத ஏழாம் வகுப்பு மாணவரிடையே கையாண்ட முறையை வெளியிட்டனர். மாணவர் முறைவைத்து ஆசிரியராக அமர்ந்து, வாசித்த பகுதியைச் சுருக்கிச் சொல்வர். அதிலிருந்து ஒரு வினா எழுப்புவர். விளங்காத சொல்லைத் தெளிவாக்குவர். அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பர். பொருளுணர்வு கணிசமாக உயர்ந்தது. நம் குழுவிலும் இம்முறையைச் சிறிது மாற்றிக் கையாளுகிறோம். முறைவைத்து அமர்வதால், நன்றாகப் பேசுபவர் எப்போதும் பேசிக்கொண்டிருக்க இயலாது. பேசாதவர் எப்போதும் ஒளிந்துகொள்ளவும் இயலாது.

யார் அருகில் யார்

பேசாதவர் ஏன் பேசுவதில்லை என்னும் வினா நம் வட்டாரத்தில் வெறும் பயிற்று முறையைச் சார்ந்ததன்று. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில், ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டித் தலித் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர ஒரு கடைக்காரர் மறுத்தார். அக்காட்சி நாடெங்கும் பரவி, கைதும் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு நாங்குநேரியில், பள்ளி மாணவர் ஒருவர் உடன் பயிலும் மாணவராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதனையொட்டி அமைக்கப்பெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடைசெய்தல், வகுப்பில் மாணவரை அகரவரிசைப்படி அமர்த்துதல் ஆகியன அதன் பரிந்துரைகளுள் சில. எவர் அருகில் எவர் அமர்கிறார் என்பதை ஒரு நீதியரசர் எழுத வேண்டிய நிலையில் நம் பள்ளிகள் இருக்கின்றன.

அப்பள்ளிகளிலிருந்தே நம் பயிற்சி மாணவர் வருகின்றனர். அப்பள்ளிகளுக்கே ஆசிரியராகத் திரும்புகின்றனர். குழுவாகப் பிரியுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் விலகி நின்றால், அவர்கள் ஏறிவந்த பேருந்தின் வழித்தடப்படி பிரிந்து அமர்வர். பேருந்தின் வழித்தடம் பலவேளை தெருவின் பெயரேயாகும். ஆகவே குழு அமைத்தலை நாம் அவர்கள் விருப்பத்துக்கு விடுவதில்லை.

இதன் தொடர்பில் மற்றொரு முறை நமக்குப் பயன்பட்டது. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், கறுப்பின, வெள்ளை, மெக்சிக்க வழிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டபோது பகைமை மூண்டது. எலியட் ஆரன்சன் என்னும் உளவியலார், பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். தன் துண்டை மற்றவர்க்குக் கற்பித்தால்தான் குழுவுக்கு முழுப் பாடமும் கிடைக்கும். அதுவரை இகழப்பட்ட பிள்ளையின் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்டேயாக வேண்டிய நிலை உண்டாயிற்று. நாம் டூயியின் ஓர் அதிகாரத்தை இவ்வாறு ஐந்தாகப் பகுத்தோம். ஆண்டு முழுதும் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவரிடம் மூன்றாம் பகுதி இருந்தது. அவர் சொன்னாலன்றி நான்காவது விளங்காது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்துசென்று அவர் அருகில் அமர்ந்து, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். இதனால் சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மாலையில் அவரவர் தம் தெருவுக்கே சென்றனர். அந்த ஒரு மணி நேரத்தில், ஒருவருடைய அறிவு மற்றொருவருக்குத் தேவைப்பட்டது. அது மெய்யான தேவை, இரக்கத்தால் செய்த உபசாரமன்று.

நடைமுறை பற்றிச் சில சொற்கள்

இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் பயிற்சி ஆசிரியருக்குச் சொல்லத்தக்கவை சில உண்டு. பகுதி சிறியதாயிருக்கட்டும், ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் ஓர் அமர்வில் தாங்காது. வாய்விட்டு இருமுறை வாசித்தல் நலம். முதல் வாசிப்பின்போது எவரும் எழுதுதல் கூடாது. எழுதுகோலைக் கையில் எடுத்தவுடன் நம் மாணவர் கேட்பதை நிறுத்திவிடுகின்றனர். குழுவில் ஐவர் போதும். எழுவராகும்போது இருவர் மறைந்துவிடுகின்றனர். எக்கருத்தைச் சொன்னாலும் அது எந்த வரியிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்பதை மட்டும் நாம் தளர்த்துவதில்லை. பட்டிமன்றத்தை அடக்க இதைவிடச் சிறந்த வழியை நாம் காணவில்லை. பேசுதல் ஊர்த்தமிழில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இலக்கியத் தமிழில் மட்டுமே பேச வேண்டும் என்றால், நூலின் வாக்கியத்தையே திருப்பிச் சொல்லித் தப்பிவிடுவர். “ஏழாவது வரி உங்க வீட்டுல சொன்னா எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டால் தப்ப வழியில்லை.

நேரம் போதாது என்பதே பெரும்பாலோர் கூறும் தடை. அது பொய்யன்று. ஒன்றரைப் பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஈராண்டில் எல்லா நூல்களையும் இவ்வாறு வாசிக்க ஒருபோதும் இயலாது. நாம் ஓர் ஆண்டில் ஆறு பகுதிகளை மட்டுமே எடுக்கிறோம். எஞ்சியவற்றை மாணவர் ‘கைடிலிருந்தே’ படிக்கின்றனர்; அதனை நாம் தடுப்பதுமில்லை. ஆனால் ஆறு பகுதிகளை வாசித்த பின்னர், ‘கைடைப்’ படிக்கும் முறை மாறிவிடுகிறது. இவ்வரிக்குப் பின்னால் யாரோ யாருக்கோ மறுமொழி கூறுகின்றனர் என்ற ஐயம் அவர்களுக்கு எழுகிறது. தேர்விலோ, வங்கி முறையின் இலக்கணத்தை ‘கைடில்’ உள்ளவாறே எழுதுகின்றனர். திருத்துபவர் அதையே எதிர்பார்க்கிறார் என்பதையும் அவர்கள் நன்கு அறிந்திருக்கின்றனர்.

எவ்வளவு முயன்றும் விளங்காத வரிகளை ஒரு தனிக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறோம். வரி, எழுதிய நாள், அதற்குக் கூறப்பட்டு ஏற்கப்படாத விளக்கங்கள் ஆகியன அதில் இருக்கும். புதிய ஆண்டின் மாணவர் வந்ததும் முதல் அமர்வில் அக்குறிப்பேட்டைத்தான் திறக்கிறோம். முந்தைய ஆண்டினர் விட்டுச்சென்றவற்றுள் ஃப்ரெய்ரேயின் வங்கி உவமை இன்னும் இருக்கிறது: பெட்டகத்துக்கு வட்டி இல்லை என்பது சரி, கொடுத்த அறிவு யாருக்குச் சொந்தம்? இவ்வாண்டினர் இருவகையாக விடை எழுதியிருக்கின்றனர். இரண்டும் இன்னும் ஏற்கப்படவில்லை.